நான் எழுதியதும் செல்வராணி சொன்னதும்

மருத்துவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். இளஞ்சிவப்பாக, ஈரமாக, என் குரல்நாண்கள் இரண்டு நாடாக்களாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டின் விளிம்பிலும் புழுங்கலரிசி அளவுக்கு ஒரு புடைப்பு. மூக்கு வழியாக விட்ட குழாயின் எரிச்சலில் என் கண்ணிலிருந்து நீர் வழிந்து கழுத்துவரை இறங்கியிருந்தது.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து கோச் என்று சொல்லப் பார்த்தேன். 'கூடை' வெளியே வந்தது. 'பந்து' வரவில்லை.

எத்தனை வருடமாக என்றார். இருபத்தாறு என்று விரல்களால் காட்டினேன். அவர் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு கேள்வி தேவையில்லை என்பதுபோலத் தலையசைத்தார். என்னிடம் ஆடிய பிள்ளைகளின் வயதுதான் அவருக்கும் இருக்கும்.

அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். அதன்பின் பத்து நாள் முழு மௌனம். கிசுகிசுப்பது சத்தம் போடுவதைவிடக் கெடுதல், ஆகவே அதுவும் கூடாது. பிறகு ஒரு மாதம், நாளுக்கு ஐந்து நிமிடம் மெதுவாகப் பேசலாம். தள்ளிப்போட்டால் குரல் திரும்புமா என்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றார்.

மாவட்டப் போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. விசில் ஊதலாமா என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன். தாராளமாக ஊதலாம், ஆனால் ஊதிவிட்டு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் காத்திருந்த என் கணவருக்கு விஷயம் புரிந்ததும், "ஒரு வருசம் வேற ஆளு பாக்கட்டுமே. நீ இல்லன்னா பிள்ளைகளு களிக்க மாட்டாளுவளாக்கும்?" என்றார்.

மருந்துச் சீட்டின் பின்புறம் 'மாட்டாளுவ' என்று எழுதி நீட்டினேன். நான் இல்லாமல் அவர்கள் ஆட மாட்டார்கள் என்று அன்றைக்கு நம்பினேன்.

என் சத்தம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் முதல் அணியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, பழைய மாணவி ஒருத்தி வளைகுடாவிலிருந்து அழைத்தாள். எல்லாம் எழுதினீர்கள், உங்கள் சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லையே என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் இரண்டு நாள் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த வாரம் இது.

எங்கள் பள்ளி இந்த மலையாள நகரத்தில், கிழக்குக் கோட்டைக்குப் பக்கத்தில். கூடைப்பந்துத் தளம் கட்டடத்துக்குப் பின்னால், ஒரு பலாமரத்தின் அடியில். மழைக்காலத்தில் சிமெண்டில் பாசி பிடிக்கும். பிள்ளைகள் வரும் முன்பே நான் ஈர்க்குமாறால் தண்ணீரைத் தள்ளி, வழுக்கும் இடத்தில் மணல் தூவி வைப்பேன். ஆறேகால் மணிக்கு முதல் பந்து தரையில் விழும். அப்போது தொடங்கும் என் குரல், எட்டு மணிக்கு அசெம்பிளி பெல் அடிக்கும்போதுதான் நிற்கும்.

சாலைக்கு எதிர்ப்புறம் பால் விடாத கட்டன் சாயா விற்பவர், என் சத்தத்தைக் கேட்டுத்தான் கடை திறப்பதாகச் சொல்வார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மலையாளத்தில் பயிற்சி கொடுப்பேன். கோபம் வந்தால் நாகர்கோவில் தமிழ். பிள்ளைகளுக்குச் சொற்கள் புரியாது, அர்த்தம் நன்றாகப் புரியும்.

ஒரே குரல்

இந்தச் சத்தம் என்னுடையதல்ல, என் கல்லூரிக் கோச் தாமஸ் சாருடையது.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து இரட்டைச் சடையோடு இந்த ஊர்க் கல்லூரிக்கு நான் வந்தபோது எனக்கு மலையாளம் தெரியாது. நான் கற்றுக்கொண்ட முதல் மலையாள வாக்கியங்கள் எல்லாம் தாமஸ் சார் தளத்தில் போட்ட உத்தரவுகள்தான். 'கை பொக்கு' என்றால் கையைத் தூக்கு. 'ஆளெ நோக்கு' என்றால் ஆளைப் பார். கடைக்காரரிடம் உப்பு கேட்கத் தெரியாத நாளிலேயே டிஃபன்ஸ் ஆட எனக்கு மலையாளம் தெரியும்.

சார் ராணுவத்திலிருந்து வந்தவர். நிரந்தர வேலை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அப்படியே முப்பது வருடம் ஓட்டினார். கேன்வாஸ் ஷூவைத் தினமும் சாக்பீஸ் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டு வருவார். தளத்தில் ஒரே குரல்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஐந்து பேர் ஐந்து விதமாக யோசித்தால் பந்து யாருக்கும் கிடைக்காது என்பார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் அதைப் பல வருடம் மறந்திருந்தேன். அன்றைக்குப் பெண்கள் ஆட்டம் என்றால் கேலரியில் வந்து உட்காருபவர்களில் பாதிப் பேர் கூடைப்பந்து பார்க்க வந்தவர்கள் இல்லை. எங்கள் காலைப் பற்றி, மாரைப் பற்றிக் கத்துவார்கள். சார் அதைவிட உரக்கக் கத்துவார். தொண்ணூறு அடித் தளத்தில் அவர் குரலைத் தவிர வேறு எதுவும் எங்கள் காதில் விழாது. அந்தச் சத்தத்துக்குள் நாங்கள் பத்திரமாக இருந்தோம்.

நான் கோச் ஆனபோது அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன், அது எதற்காக இருந்தது என்பதை விட்டுவிட்டேன்.

வெள்ளைப் பலகை

அறுவை முடிந்த நான்காம் நாள் தளத்துக்குப் போனேன். ஓய்வில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஓய்வு, வீட்டில் இருப்பது அல்ல என்று நானே முடிவு செய்துகொண்டேன். கணவர் பாளையம் சந்தையில் வாங்கிவந்த வெள்ளைப் பலகையும் மூன்று மார்க்கர்களும் என் தோள்பையில் இருந்தன.

முதல் இரண்டு நாளும் வீண். விசில் ஊதினேன், பந்து நின்றது, பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதி முடிப்பதற்குள் பாதிப் பேர் அரட்டையில் இறங்கிவிட்டார்கள். என் மலையாள எழுத்து எப்போதுமே மோசம். நான் எழுதிய ஒரு சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிட, கேப்டன் அனகாவே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். பிளஸ் டூ படிக்கிற, எதற்கும் சிரிக்காத பெண் அவள்.

மூன்றாம் நாள் எரிச்சலில் கை தானாகத் தமிழில் எழுதிவிட்டது. தமிழ் படிக்கத் தெரிந்தவள் அணியில் ஒருத்திதான். செல்வராணி.

போனக்காடு மலையில் தேயிலைத் தோட்டத்துப் பெண். அம்மா கொழுந்து கிள்ளுகிறவர். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதி அம்மாவிடம் தமிழ் கற்றாளாம். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் ஹாஸ்டலுக்கு வந்தாள். நல்ல உயரம், இரும்பு மாதிரி மூச்சு. மலை ஏறி இறங்கிய கால்கள். ஆனால் நான்கு வருடத்தில் தளத்தில் அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. டிஃபன்ஸில் பின்னால் நிற்பவள் பேசியே ஆக வேண்டும். தளம் முழுவதும் அவள் கண்முன்னே இருப்பதால், முன்னால் நிற்பவர்களுக்கு அவள்தான் எச்சரிக்கை தர வேண்டும். "வாயத் தெறடி" என்று எத்தனையோ நாள் அவளிடம் கத்தியிருக்கிறேன். கத்தக் கத்த அவள் உதடு இன்னும் இறுகும்.

அவளுக்கும் அனகாவுக்கும் அது கடைசி வருடம். மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, ஹாஸ்டல் எல்லாம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் செல்வராணிக்காகச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் அம்மாவே அதை என்னிடம் சொல்லியிருந்தார், குறையாக அல்ல, ஒரு ஏற்பாடாக.

பலகையை அவள் முன் நீட்டினேன். படித்துச் சொல் என்று கையைக் காட்டினேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்காக மலையாளத்தில் சொன்னாள். குரல் மெலிதாகத்தான் வந்தது. ஆனால் பதினொரு பேரும் அமைதியாகக் கேட்டார்கள்.

மொழிபெயர்ப்பு

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. நான் தமிழில் எழுதுவேன், செல்வராணி மலையாளத்தில் சொல்வாள். ஒரு வாரத்தில் அவள் குரல் தளத்தின் மறுகோடிவரை எட்டியது.

ஒருநாள் அனகா மூன்றுமுறை தொடர்ந்து ஆளைத் தவறவிட்டாள். நான் விசில் ஊதி, பலகையில் எழுதினேன்: 'அனகா, இதுக்குப் போர்வையும் தலையணையும் கொண்டு வந்திருக்கலாமே? கேப்டன் என்று சொல்ல வெட்கமாக இல்லையா?'

செல்வராணி ஒரு கணம் பலகையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "அனகே, திரிச்சு ஓடும்போ பந்து நோக்கண்டா. ஆளெ நோக்கு" என்றாள்.

திரும்பி ஓடும்போது பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார். அவ்வளவுதான். அனகா தலையசைத்தாள். அடுத்தமுறை தன் ஆளை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

எனக்குக் காது சுட்டது. அன்று மாலை யோசித்துப் பார்த்தபோதுதான், இது முதல்முறை அல்ல என்று புரிந்தது. நான் எழுதிய எதையுமே அவள் அப்படியே சொல்லியிருக்கவில்லை. 'எருமை' எல்லாம் வழியிலேயே தொலைந்து, 'முழங்காலை மடக்கு' மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் அவளைத் தனியே அழைத்து, 'நான் எழுதியது அது இல்லை' என்று எழுதிக் காட்டினேன். பயப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க எழுதுனத அப்படியே சொன்னா அவ அழுவா, டீச்சர். அழுதா பின்ன ஓடமாட்டா" என்றாள். பந்தை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு, "நானும் அப்படித்தான்" என்றாள்.

இருபத்தாறு வருடப் பயிற்சியாளரான நான் மார்க்கரின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினேன்.

அன்றிலிருந்து பலகையில் என் எழுத்து சுருங்கியது. முதலில் ஆத்திரத்தில்தான் சுருங்கியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எப்படியும் இவள் மாற்றத்தான் போகிறாள், எதற்கு வீணாக எழுத வேண்டும் என்று. பிறகு மூன்று சொல்லில் சொல்லப் பழகினேன். மூன்று சொல்லில் சொல்ல வேண்டுமானால், என்ன தவறு என்று முதலில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கத்துவதற்கு அது தேவைப்பட்டதில்லை.

இன்னொன்றும் நடந்தது. என் குரல் இல்லாத இடத்தில் பிள்ளைகளே பேசத் தொடங்கினார்கள். வலப்பக்கம் வருகிறாள், நான் இருக்கிறேன், விடு, மாறு. ஐந்து பேரும் ஒரே நேரத்தில். தாமஸ் சார் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார். ஆனால் பந்து எங்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

ரெஸ்மியின் அணி

ஐப்பசியின் துலாமழை பிடித்துக்கொண்ட வாரத்தில் போட்டி. நகரத்து உள்ளரங்கில் கூரைத் தகரத்தின் மேல் மழை விழும் சத்தத்தில் நடுவரின் விசிலே பாதிதான் கேட்டது. மூன்று ஆட்டம் வென்று இறுதிக்கு வந்தோம். எதிரே நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பள்ளி ஒன்று. அதன் கோச் ரெஸ்மி.

ரெஸ்மியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் என்னிடம் ஆடியவள். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாயிண்ட் கார்டு, ஆட்டத்தை நடத்திச்செல்பவள். பிளஸ் ஒன்னில் ஒரு ஆட்டத்தில் இரண்டு பாஸை விட்டதற்காக, டைம்அவுட்டில் கேலரி முழுக்கக் கேட்கும்படி அவளைத் திட்டினேன். மறுநாள் அவள் வரவில்லை. ஜெர்சி மட்டும் துவைத்து மடித்து என் மேசையில் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தைரியம் போதாது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பிறகு அவளே கோச் ஆகி, மூன்று வருடமாக அதே அரங்கில் எதிர் பெஞ்சில் உட்காருகிறாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

கடைசி இரண்டு நிமிடம். நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். அவர்களுடைய ஏழாம் நம்பர்ப் பெண், குட்டையானவள், மின்னல் மாதிரி அனகாவைத் தாண்டித் தாண்டிப் போனாள். அனகாவுக்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல். இன்னும் ஒன்று விழுந்தால் வெளியேற வேண்டும். டைம்அவுட் கேட்டு, பலகையில் எழுதினேன்: 'அனகா வெளியே.'

செல்வராணி படித்தாள். மற்றவர்களிடம் சொல்லவில்லை. வியர்வை சொட்ட என் முகத்துக்கு நேரே குனிந்து தமிழிலேயே சொன்னாள்: "வேண்டாம் டீச்சர். அனகா நிக்கட்டும். அவ அந்தப் பொண்ண கோட்டுப் பக்கமாத் தள்ளிட்டு வந்தாப் போதும். அங்க நான் இருக்கேன்."

கோச் சொன்னதை மறுக்கும் பிள்ளை தாமஸ் சாரின் பெஞ்சில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்க முடியாது. என் பெஞ்சிலும் முடிந்ததில்லை. மருத்துவர் அனுமதித்த அன்றைய ஐந்து நிமிடப் பேச்சு இன்னும் செலவாகாமல் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அனகா வெளியே போயிருப்பாள். நான் அனகாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, செல்வராணியைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவருக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை என்று தோன்றியது.

உள்ளங்கையால் பலகையைத் துடைத்தேன்.

அவள் சொன்னதுபோலவே நடந்தது. ஏழாம் நம்பரை அனகா ஓரக்கோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள், செல்வராணி அங்கே நின்றாள். இரண்டுமுறை பந்தைப் பறித்தோம், இரண்டுமுறையும் கூடை. சமநிலை. கடைசி நொடிகளில் அனகாவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது உள்ளே. இரண்டாவது வளையத்தைச் சுற்றி வெளியே வந்தது. ரீபவுண்ட் அவர்களுக்குப் போக, ஏழாம் நம்பர் ஓடிவந்த வேகத்திலேயே எறிந்தாள். அது விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

அனகா அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து அவளிடம் நடந்தேன். என் ஷூவைக் கண்டதும் அவள் தோளைக் குறுக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அடி விழப்போகும் பிள்ளையைப்போல.

நான் இதுவரை ஒரு பிள்ளையையும் கைநீட்டி அடித்ததில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஐந்து நிமிடம்

எதிர்ப்பக்கம் ரெஸ்மி தன் பிள்ளைகளின் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியாகத் தண்ணீர் குடிக்கவைத்தாள். அவர்கள் கலையும்வரை காத்திருந்துவிட்டு அவளிடம் போனேன்.

"ரெஸ்மி" என்றேன். குரல் காற்றுபோல வந்தது. "அன்னைக்கு நான் உன்னைச் சொன்னது தப்பு. நீ போன பொறவு, உனக்குத் தைரியம் இல்லைன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். அதுவும் தப்பு."

அவள் பேசாதீர்கள் என்று கையைக் காட்டினாள். என் அறுவை பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது. பையில் சாமான்களை எடுத்துவைத்தபடி, என்னைப் பார்க்காமல், மலையாளத்தில் சொன்னாள். நான் திட்டிய அன்றைக்கு அவள் அப்பா கேலரியில் இருந்தாராம். அவள் ஆடுவதைப் பார்க்க முதல்முறையாக லீவு போட்டுவிட்டு வந்தாராம். ஆட்டம் முடிந்து வீடுவரை பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதற்குப் பிறகு, அவள் கோச் ஆன பின்னும், ஒருபோதும் அவர் ஆட்டம் பார்க்க வரவில்லையாம்.

எனக்கு அது தெரியாது. கேலரியில் யார் இருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

ரெஸ்மி பையின் ஜிப்பை இழுத்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி. கொஞ்சதூரம் போனவள் திரும்பி வந்து, கடைசியில் போட்ட அந்த ஓரக்கோட்டு டிஃபன்ஸை எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று தலையாட்டி, செல்வராணியைக் கைகாட்டினேன். ரெஸ்மி நேரே அவளிடம் போனாள். இருவரும் தரையில் தண்ணீர் பாட்டிலின் மூடிகளை வைத்து நகர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு

மாவட்ட அணியில் செல்வராணிக்கு இடம் கிடைத்தது. எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டே இருந்தாளே, அந்தப் பெண் யார் என்றுதான் தேர்வாளர் ஒருவர் கேட்டாராம். அனகாவுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஆறு மணிக்கே வந்து, என் கையிலிருந்த ஈர்க்குமாறை வாங்கித் தளத்தைத் தள்ளத் தொடங்கினாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். விடுமுறையில் வந்து சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஃப்ரீ த்ரோ சொல்லிக்கொடுக்கிறாள்.

என் குரல் முழுதாகத் திரும்பவில்லை. பாதிதான் வந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு இன்னும் தினமும் ஆறேகாலுக்குத் தளத்தில் நிற்கிறேன். பழைய கோபம் வராமல் இல்லை. வரும்போது மார்க்கரைத் தேடுகிறேன். எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் சொல்லத் தேவையில்லாததாக இருக்கிறது.

செல்வராணி இந்த ஊரிலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாம் மாதம் அங்குள்ள கோச் எனக்கு ஃபோன் செய்தார். பிள்ளை நன்றாக ஆடுகிறது, ஆனால் தளத்தில் ஓயாமல் பேசுகிறது, நான் சொல்லும்போதுகூடக் குறுக்கே பேசுகிறது, உங்களிடம் இப்படித்தான் இருந்தாளா என்று கேட்டார். அவர் குரலும் கரகரப்பாகத்தான் இருந்தது.

"அவ என்ன சொல்லுதான்னு ஒரு தடவ நின்னு கேட்டுப் பாருங்க, சார்" என்றேன்.